வன்னி வீட்டுக்கு ஏற்றிய சாமான்கள்

சீதேவி மாமி எங்கள் தீவுக் கிராமமான சரவணையை விட்டுப் புறப்பட்ட காலையில், வான் வண்டியின் கூரையில் அலுமாரியைக் கட்ட நாலு ஆம்பிளைகள் தேவைப்பட்டார்கள். அலுமாரி ஏற்றுகிற சாமான்களில் முதலில் இருக்கவில்லை. விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா அன்னப்பிள்ளை, "உந்த அலுமாரியை ஏன் விட்டிட்டுப் போறியள்? புது வீட்டுக்கு வேண்டாமே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. ஆனால் மாமியின் புருசன் அப்புத்துரை மாமா உடனே, அதையும் ஏற்றத்தானே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து என் ஐயாவைக் கயிறு கொண்டுவரச் சொன்னார்.

அலுமாரிக்குப் பிறகு இரண்டு கதிரை ஏறின. பிறகு ஆட்டுக்கல், அம்மி, கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டா, சாமிப்படங்கள். புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் என்னென்ன கொண்டுபோவார்களோ அவை எல்லாம் சம்பந்தி வீட்டாரின் கண்ணுக்கு முன்னால் ஏற்றப்பட்டன. மாமி மூன்று நாளாக ஒரு மூலையில் சேர்த்து வைத்திருந்த மண்ணெண்ணெய்க் குக்கர், சின்னச் சருவம், பாய், லாம்பு எல்லாம் அவற்றுக்கு அடியில் போய்விட்டன. கடைசியில் அன்னப்பிள்ளை ஒரு சின்னப் பனையோலைக் கடகத்தில் உப்பும் மஞ்சளும் ஒரு சுண்டு பச்சையரிசியும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குடிபூரலுக்குப் பால் காய்ச்சுகிற நாளைச் சொல்லியனுப்பினால் தாங்கள் எல்லாரும் வருவதாகவும் சொன்னார். மாமி இரண்டு கையாலும் கடகத்தை வாங்கினார்.

வன்னியில் வீடு என்று ஒன்று இல்லை. அது மாமாவுக்கும் மாமிக்கும் மட்டும்தான் தெரியும். அவர்களிடம் இருந்தது அந்த வான் ஒன்றுதான்.

மாமா முன்பு தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் பேக்கரிக்காரர் ஒருவர் கழித்துவிட்ட பாண் வானை வாங்கினார். கருவாடு, ஒடியல், பனாட்டு, பாய் என்று தீவுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வன்னிக் குடியேற்றங்களுக்குப் போய் விற்று வந்தார். கடை போன பிறகும் அவர் முதலாளியாகவே பேசினார். யாராவது தன்னிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன் தானே அதைக் கொடுத்துவிட வேண்டும் அவருக்கு.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, மனோகரி அக்கா. பேசி வந்த சம்பந்தங்கள் சில குழம்பிப்போய், அவருக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது. எழுபத்திரண்டில் நெடுந்தீவிலிருந்து தியாகலிங்கம் அண்ணையின் சம்பந்தம் வந்தது. அவர் ஊர்காவற்றுறையில் கந்தோர் கிளாக்கர். தகப்பன் இல்லை. தாயும் கல்யாணமாகாத இரண்டு குமர்த் தங்கைச்சிமாரும் அவரோடுதான் இருக்க வேண்டும். கல்லால் கட்டிய அந்தச் சரவணை வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதுவது என்று முன்னமே முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேசிவிட்டு வள்ளத்துக்குப் போன பிறகு மாமா குசினிக்குள் வந்தார். வீட்டை வெறுமையாக விடச்சொல்லிக் கேட்கிறார்கள் என்று மாமியிடம் சொன்னார்.

"வீட்டை விட்டு எழும்பத்தான் வேணும். எங்களுக்கு வன்னியில வீடு இருக்கெண்டு சொல்லிப்போட்டன்."

மாமி பானையை இறக்கி வைத்துவிட்டு, எங்கே போய் இருப்பது என்று கேட்டார்.

"வான் இருக்குத்தானே."

மாமி அன்று அழவில்லை என்று பிறகு என் அம்மாவிடம் சொன்னார். இதுவும் குழம்பினால் மகளுக்கு இனி ஒரு சம்பந்தம் வராது என்பதுதான் அவர் மனதில் நின்றது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார். "பிள்ளைக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவள் கழுத்தை நீட்டமாட்டாள். பிறகு தெரிஞ்சாலும் அந்த வீட்டில நிம்மதியா ஒரு வாய் சோறு தின்னமாட்டாள்." மாமா சத்தியம் செய்து கொடுத்தார்.

கல்யாண வீட்டில் கேட்கிறவர்களுக்கெல்லாம் மாமா அந்த வீட்டைக் கட்டத் தொடங்கினார். ஒருவருக்கு மண்சுவர் என்றார். அடுத்தவருக்கு அதில் ஓடு ஏறியது. மத்தியானப் பந்தி முடிவதற்குள் கிணறும், கிணற்றடியில் இரண்டு தேக்கும், பின்வளவில் பூசணிக் கொடியும் வந்துவிட்டன. மாமி உள்ளே நின்று இவற்றைக் காதில் வாங்கி மனதில் பதித்துக்கொண்டார். நாளைக்கு யாரும் கேட்டால் தானும் அதையே சொல்ல வேண்டுமல்லவா.

அன்று வான் ஊர்ந்துதான் போனது. பண்ணைப் பாலத்தில் கடற்காற்று அலுமாரியைத் தள்ளியபோது வானே ஒரு பக்கம் சரிந்தது. மாமி மடியில் கடகத்தை வைத்து இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். சாவகச்சேரியில் பழைய தளபாடம் வாங்குகிற ஒருவரிடம் அலுமாரி, கதிரை, அண்டா, கல்லுகள் எல்லாவற்றையும் இறக்கினார்கள். கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். அம்மியை இறக்கும்போது மட்டும் மாமி மற்றப் பக்கம் திரும்பி நின்றாராம். அது அவருடைய தாய் அவருக்குக் கொடுத்தது.

மாங்குளம் சந்தியில் வின்சன்ற் என்பவர் ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். மண்டைதீவுக்காரர், மாமாவுக்குப் பழக்கம். வானின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, இந்த முறை கருவாட்டுக்குப் பதிலா அக்காவை ஏத்திக்கொண்டு வந்திருக்கிறியள்?" என்று பகிடி விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டின் விலாசம் அவருடைய கடைதான்.

அந்த வான் முழுக்கத் தகரம். யன்னல் இல்லை, பின்னால் இரட்டைக் கதவு. உள்ளே இரண்டு பக்கமும் பாண் தட்டுகள் செருகுகிற மரச்சட்டங்கள். பகலில் உள்ளே கை வைக்க ஏலாது. மழை பெய்தால் கதவைச் சாத்த வேண்டும், சாத்தினால் மூச்சு முட்டும். மாமாவுக்குக் கால் நீட்டப் போதாது. ஒரு கதவைத் திறந்து காலை வெளியே விட்டபடி படுப்பார்.

வானில் சீவிப்பதற்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை மாமி நட்டப்பட்டுத்தான் படித்தார். முதற்கிழமையே கண்ணாடிப் போத்தல் எல்லாம் உடைந்தன. மிளகாய்த்தூள் சேலைகளுக்குள் கொட்டுண்டு, எத்தனை தரம் தோய்த்தும் உடம்பு எரிந்தது. பிறகு இறுக்கி மூடுகிற தகரப் பேணிகளை மட்டும் வைத்துக்கொண்டார். அவற்றையும் சட்டங்களுக்குள் செருகி இடையில் பன்னாடை அடைத்தார். சாக்கை வெட்டிப் பைகளாகத் தைத்துச் சுவரோரம் தொங்கவிட்டார். ஒன்றில் சீப்பு, ஊசி, நூல். இன்னொன்றில் காய்ச்சல் குளிசை. கதவோரப் பையில் வெங்காயமும் நெருப்புப்பெட்டியும். கித்தான் படங்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அதைக் கதவிலிருந்து மரத்துக்கு இழுத்துக் கட்டினால் அதுதான் குசினி. குளிக்கிற இடத்தில் நாலு பக்கமும் மறைக்க ஒரு பழைய சேலை, கிணற்றுக்கு வாளியும் கயிறும், பாம்புக்கு ஒரு தடி. தன் கல்யாணச் சேலையைப் பொலித்தீனில் சுற்றிக் கூரைத் தகரத்தோடு கட்டி வைத்தார். அதை ஒருநாளும் அவிழ்க்கவில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் அவரால் விட முடியவில்லை. நல்ல தண்ணிக்குக் குடத்தோடு தூரம் நடந்த ஊரில் பிறந்தவர். எங்கே நல்ல கிணற்றைக் கண்டாலும் இருக்கிற ஏனம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார். குளமும் வாய்க்காலுமாகக் கிடந்த வன்னியிலும் அப்படித்தான். ஒரு மாரியில் அந்தப் பாரத்தோடு வான் குளக்கட்டுச் சேற்றில் அச்சு மட்டும் புதைந்தது. மாமா குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊற்றினார். பக்கத்தில் குளம் நிறைந்து தளும்பிக்கொண்டிருக்க, மாமி அந்தத் தண்ணீரைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். வீட்டை விட்டதற்கான அழுகை அன்றுதான் வந்தது என்று சொன்னார்.

வருசப்பிறப்பு, தீபாவளி என்று நாலைந்து தரம் சரவணைக்கு வந்து போனார்கள். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முன் வானை வெறுமையாக்க வேண்டும். பேணி, பாய், குக்கர் எல்லாம் வின்சன்றின் விறகுக் கொட்டிலுக்குள் போகும். உள்ளே கழுவி, சாம்பிராணி போட்டு, வீட்டிலிருந்து வருகிறவர்கள் போல வருவார்கள். அரிசி கொண்டுபோகத் தடை இருந்த காலம். ஆனையிறவுச் சோதனைச்சாவடியில் வானை மறித்து அரிசி தேடுவார்கள். ஒன்றும் இராது. குடியேற்றக்காரரிடம் வாங்கிய பூசணிக்காய் இரண்டு மட்டும் உருளும்.

"உங்கட வளவுப் பூசணி நல்ல ருசி, சம்பந்தி" என்பார் அன்னப்பிள்ளை. மாமி, மண் அப்படி என்பார்.

மனோகரி அக்கா தாயின் கையைப் பிடித்துப் பார்த்து, ஏன் இப்படிக் கறுத்துப்போனீர்கள், கிணற்றடியில் தேக்கு நிற்கிறது என்றீர்களே, நிழல் இல்லையா என்று ஒருமுறை கேட்டார். தேக்கு இலை உதிர்த்துவிட்டது என்று மாமி சொன்னார்.

எழுபத்துமூன்று ஆவணியில் அக்காவுக்குப் பிள்ளை தங்கியிருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. மாமி வந்திருந்த அன்று அன்னப்பிள்ளை மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். "தலைப்பிள்ளை எல்லே, தாய் வீட்டிலதானே பெற வேணும். ஏழாம் மாதம் என்ர மகன் கொண்டுவந்து விடுவான். எனக்கும் உங்கட வீட்டைப் பாக்க விருப்பம்தான், இந்த முழங்கால்தான் விடுதில்லை." அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது. எங்கள் ஊர் முழுக்க அப்படித்தான். மாமி தலையாட்டினார். மனோகரி அக்காவின் முகம் மலர்ந்தது.

அடுத்த கிழமைகளில் அவர்கள் வீடு தேடி அலைந்தார்கள். ஓட்டுசுட்டான் பக்கம் ஒரு மண்வீடு கிடைக்கும்போல இருந்தது. போய்ப் பார்த்தபோது கூரை இல்லை. ஒரு குடியேற்றக்காரர் தன் வீட்டில் அரைவாசியைத் தருகிறேன் என்றார். அவருடைய மனைவி, பிறத்தியாரின் பிள்ளைப்பேற்றுத் துடக்குத் தீட்டைத் தன் வீட்டில் வைத்திருக்க ஏலாது என்று மறுத்துவிட்டார். வின்சன்ற் கடைக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. அதற்குள் அவருடைய நாலு பிள்ளைகள். மாமா, வாற புதன்கிழமைக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கிணறு ஒன்றும் காட்டிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு புதன் போய் மற்றப் புதன் வந்தது.

"உள்ளதைச் சொல்லுவம்" என்றார் மாமி.

"சொன்னா மருமகன் அவளைத் தள்ளி வைச்சிடுவான். வெறும் வாய்க்காரன்ர பிள்ளையைக் கட்டிப்போட்டன் எண்டுவான்."

மாமி வானுக்குள் ஏறினார். சாமான்களைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். பாய்களை ஒரு பக்கம் உயர்த்தி, மகளுக்குக் கால் நீட்ட இடம் விட்டார். பழைய வேட்டிகளை அவித்துக் காயவைத்து மடித்துப் பேணிக்குள் வைத்தார். பிள்ளை பெற்றவளுக்கான சரக்கை அரைத்துக் கட்டினார். பக்கத்தில் நல்லெண்ணெய், வேப்பிலை, தொப்புள்கொடி அறுக்கப் புதுச் சவர அலகு, குழந்தைக்கு ஒரு ஏணைத் தொட்டில். ஏணையைக் கட்டக் கூரை வளைமரம் இல்லை. கூரையிலிருந்த கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில் ஒரு கம்பியை முறுக்கி, அது பாரம் தாங்குமோ என்று தன் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். இவ்வளவையும் செய்யும்போது மகள் இதற்குள் வரமாட்டாள், வரக்கூடாது என்றே வேண்டிக்கொண்டிருந்தாராம்.

மகளும் மருமகனும் ஐப்பசி மழையோடு பஸ்ஸில் மாங்குளத்தில் வந்து இறங்கினார்கள். தியாகலிங்கம் அண்ணை ஒரு கையில் குடையும் மறுகையில் பெட்டியுமாக நின்று, வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டார். மாமா மழையைக் காட்டினார். வாய்க்கால் பெருகிப் பாதை மூடிவிட்டது, தம்பி இந்த பஸ்ஸிலேயே திரும்புவது நல்லது, பிள்ளையைத் தாங்கள் பார்த்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அண்ணை, தண்ணி வடியும்மட்டும் நிற்கிறேன், அம்மாவிடம் வீட்டைப் பார்த்துவந்து சொல்ல வேண்டும் என்றார். மாமா பாதையைப் பற்றி இன்னொன்று தொடங்கினார். அப்போது மாமி போய் வானின் பின்கதவுகள் இரண்டையும் அகலத் திறந்தார்.

"இதுதான் தம்பி வீடு. வேற இல்லை."

சட்டங்களில் பேணிகள், சுவரில் சாக்குப் பைகள், கூரையில் ஏணை. தியாகலிங்கம் அண்ணை குடையை மடிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். மனோகரி அக்கா வயிற்றைப் பிடித்தபடி ஏறி, தனக்கென்று விட்டிருந்த இடத்தில் இருந்து, தாயின் முகத்தைப் பார்த்தார். அண்ணை வின்சன்றின் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்தார். யாழ்ப்பாண பஸ் வந்ததும் பெட்டியை வான் வாசலில் வைத்துவிட்டு, "அம்மாட்டை என்னெண்டு சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். பஸ்ஸில் ஏறிவிட்டார்.

போனவர் வருவாரா என்று தெரியவில்லை. மழை விடவில்லை. கதவைச் சாத்தினால் அக்காவுக்கு மூச்சு வாங்கும், திறந்தால் நுளம்பு கடிக்கும். வெளிக்குப் போவதற்கும் சேற்றில் நடக்க வேண்டும். மூன்றாம் நாள் அக்காவின் கால் இரண்டும் வீங்கின. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையை உண்மையாகவே தண்ணீர் மூடியிருந்தது; யாழ்ப்பாணப் பெருந்தெருவில் மட்டும் பஸ் ஓடியது. தான் அடுக்கி வைத்த சாமான்களில் ஒன்றும் இதற்கு உதவாது என்று மாமிக்கு அன்று தெரிந்தது.

"வானை எடுங்கோ. சரவணைக்குப் போவம்."

எழுதிக் கொடுத்துவிட்டு எழும்பின வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது என்று மாமா கேட்டார்.

"பிள்ளையைப் பிள்ளையின்ர வீட்டில கொண்டுபோய் இறக்கப்போறன். அதுக்கு ஏன் உங்கட முகம்?"

இந்த முறை விறகுக் கொட்டிலில் எதையும் இறக்கவில்லை. ஆனையிறவில் தேடியவர்கள் பேணிகளைத் திறந்து பார்த்து, வேட்டித் துண்டுகளையும் கண்டு, போக விட்டார்கள். மத்தியானம் வான் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது நான் எங்கள் படலை வாசலில் நின்றேன். பின்கதவு சரியாகச் சாத்தாமல் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே சருவமும் பாயும் தொங்கிய சேலையும் தெரிந்தன. ஒழுங்கை முழுக்கப் பார்த்தது.

அன்னப்பிள்ளை வெளியே வந்தார். தியாகலிங்கம் அண்ணை தாயிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பெண்சாதியை விட்டுவிட்டு வந்தவர், வீடு நல்ல வீடு என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அன்னப்பிள்ளை வானுக்குள் எட்டிப் பார்த்தார். மருமகளைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே அனுப்பினார். அதன்பிறகுதான் மாமியிடம் திரும்பினார்.

"இவ்வளவு காலமும் இதுக்குள்ளயோ இருந்தனீங்கள்?"

ஓம் என்றார் மாமி. வீட்டை வெறுமையாகக் கேட்டபடியால் வேறு வழி இருக்கவில்லை என்றார்.

"ஆர் கேட்டது?" அன்னப்பிள்ளையின் குரல் உயரவில்லை. "நாங்கள் கேக்கேல்லை சம்பந்தி. வீட்டில ஆர் ஆர் இருப்பியள் எண்டு என்ர தமையன் ஒரு சொல்லுத்தான் கேட்டவர். உடன உங்கட அவர், நாங்கள் ஒருத்தரும் இருக்கமாட்டம், எங்களுக்கு வன்னியில வீடு இருக்கு எண்டவர். நாங்கள் கேக்காமலே."

மாமி வானின் முன்பக்கம் பார்த்தார். மாமா ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி நேரே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கவில்லை.

அடுத்த கிழமை அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எட்டு மாதத்துப் பிள்ளை, பூனைக்குட்டி அளவு. முதல் நாட்களில் தங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கியது. மாமி வீட்டுக்குள் நின்று துடக்குக் கழிகிறவரை எல்லாம் செய்தார். தியாகலிங்கம் அண்ணை ஒழுங்கைக்குப் போய், உள்ளே வாருங்கள் மாமா என்று இரண்டு தரம் கூப்பிட்டார். மாமா, பரவாயில்லைத் தம்பி, எனக்கு வன்னியில் வேலை கிடக்கிறது என்றாராம். அந்த நாட்கள் முழுக்க அவர் படலைக்கு வெளியே வானுக்குள் இருந்தார். மாமி சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நாங்கள் காணவில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் மாமா புறப்படுவதாகச் சொல்லியனுப்பினார். மாமி நிற்பதென்று முடிவாகியிருந்தது. அன்னப்பிள்ளையே அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். மாமி வானுக்குள் ஏறி ஒரு ஆளுக்கு மட்டும் சாமான் அடுக்கினார். தன் சேலைகளை இறக்கினார். ஏணைக் கம்பியை அவிழ்த்தார். ஒரு பேணியில் சீனி, ஒன்றில் பருப்பு, ஒன்றில் தூள். குக்கருக்கு எண்ணெய் ஊற்றினார். அதன் திரியை உயர்த்திச் சரிபார்த்துக்கொண்டு இருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இறக்கிய சேலைகளை எடுத்துத் திரும்பச் சாக்குப் பைக்குள் திணித்தார்.

மனோகரி அக்கா குழந்தையோடு படலைக்கு ஓடிவந்தார். "அம்மா, இது என்ர வீடு. நான் சொல்லுறன், நில்லுங்கோ. ஐயா செய்ததுக்கு நீங்கள் ஏன் போறியள்?"

மாமி குழந்தையின் தலையைத் தடவினார். மாமாவைக் கண்ணால் காட்டி, அவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"கொப்பருக்கு அடுப்பு மூட்டத் தெரியாது பிள்ளை."

முன்கதவைத் திறந்து ஏறி, மாமாவைப் பார்க்காமல் இருந்தார். மாமா வானை எடுத்தார்.